சுகம் விசாரித்தல்

சீசாவில் அக்காவின் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. சமையலறை யன்னலைத் திறந்தால் கோட்டையின் ஒரு மூலை தெரியும். நோர்மன் அரசன் முதலாம் வில்லியம் 1165 அளவில் கட்டத் தொடங்கிய கோடை மாளிகை அது. அதன் அரபுப் பெயர் தேய்ந்துதான் பலெர்மோவின் இந்தப் பகுதிக்கே சீசா என்று பெயர் வந்தது. அக்காவுக்கு அரசனும் தெரியாது, அரபும் தெரியாது. கோட்டைக்கு முன்னாலுள்ள பூங்காவில் ஒரு வாங்கு இருக்கிறது, வேலையால் வரும்போது முழங்கால் ஆறும்வரை அதில் இருக்கலாம் என்பது தெரியும். 28 வருடங்களாகப் பலெர்மோவில் வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை அவருக்கு.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை இரவு அவருடைய மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளை வாசித்தேன். நேற்று நித்திரை எப்படி? களைப்பு எப்படி? தசைநோவு எப்படி? மனஅழுத்தம் எப்படி?

"ஏழு எண்டால் எல்லாம் நல்லம். ஒண்டு எண்டால் மோசம். ஒவ்வொண்டுக்கும் ஒரு இலக்கம் சொல்லுங்கோ அக்கா."

அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "இதை ஆருக்கு அனுப்பப் போறாய்?"

"ஒருத்தருக்கும் இல்லை. சும்மா கேக்கிறன்."

"அனுப்பிறதெண்டால் நாலுக்கும் ஏழு எண்டு போடு. அனுப்பேல்லை எண்டால் பேந்து சொல்லுறன்."

நான் சும்மா கேட்கவில்லை. வீடுகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் பராமரிப்பாளர்களை அனுப்பும் ஒரு நிறுவனம், இத்தாலியில் அல்ல, வேறொரு நாட்டில், தன் ஊழியர்களின் 'நலனைக் கண்காணிக்க' ஒரு செயலி செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தது. அதற்கு முன் நான் ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகத்துக்குச் செய்த வேலையைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். அதையே கொஞ்சம் மாற்றித் தந்தால் போதும் என்றார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

*

2003இல் முதுமாணிப் படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவன் நான். தகவல் தொழில்நுட்ப ஆலோசகன். சிதறிக் கிடக்கும் தரவுகளை ஓரிடத்தில் சேர்த்து, முடிவெடுப்பவர்களுக்கு ஒரே பார்வையில் விளங்கும் வரைபடங்களாக மாற்றிக் கொடுப்பது என் தொழில். வங்கிகளுக்குச் செய்திருக்கிறேன், ஆஸ்பத்திரிகளுக்குச் செய்திருக்கிறேன். உதைபந்தாட்டக் கழகத்தில் வேலை என்றதும் சின்ன வயது ஆசை ஒன்று நிறைவேறியதுபோல இருந்தது.

உயர்மட்ட உதைபந்தாட்டத்தில் வீரருடைய உடல்மீது ஏறும் பாரத்தைச் 'சுமை' என்பார்கள். அதில் இரண்டு வகை. வெளிச்சுமை என்பது அவர் செய்த வேலை: ஓடிய தூரம், வேக ஓட்டங்கள், திடீரென நின்ற தடவைகள். தோள்பட்டைகளுக்கு நடுவில், உள்மேலாடையின் சிறு பையில் இருக்கும் கருவி ஒரு செக்கனுக்கு 10 தடவை அவர் நிற்கும் இடத்தைப் பதிவு செய்கிறது. 2015இலிருந்து இத்தகைய கருவிகளைப் போட்டிகளிலும் அணிய விதி இடம் கொடுக்கிறது.

உட்சுமை என்பது அந்த வேலை அவருடைய உடலுக்கு என்ன செய்தது என்பது. ஒரே 10 கிலோமீற்றர் இருபது வயதுக்காரனுக்கு ஒரு மாதிரி, முப்பத்திரண்டு வயதுக்காரனுக்கு வேறு மாதிரி. இதை அளக்க சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் ஓர் எளிய வழியைக் கண்டார்: எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று ஆளையே கேட்டு, ஓர் இலக்கத்தைத் தெரிவு செய்யச் சொல்வது. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபொஸ்ரர் அந்த இலக்கத்தைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினார். 90 நிமிடப் பயிற்சிக்கு வீரர் 7 என்றால் அன்றைய சுமை 630. இந்த முறை உதைபந்தாட்டத்துக்கும் பொருந்தும் என்று 2004இல் பிராங்கோ இம்பெல்லிசெரி என்ற இத்தாலிய ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். அதன் பிறகு எத்தனையோ விலைகூடிய கருவிகள் வந்துவிட்டன. அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது.

இந்த இலக்கங்களிலிருந்து வேறு இலக்கங்கள் பிறக்கும். கடைசி 7 நாட்களின் சுமையைக் கடைசி 28 நாட்களின் வாராந்தச் சராசரியால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். அது 0.8க்கும் 1.3க்கும் இடையில் இருந்தால் நல்லது, 1.5ஐத் தாண்டினால் காயம் வரக்கூடும் என்று பல கழகங்கள் நம்பின. பின்னர் அந்த விகிதத்தைக் கடுமையாக விமர்சித்தவர்களில் ஒருவர் அதே இம்பெல்லிசெரி. நான் அந்த விமர்சனங்களைப் படிக்குமுன்பே விகிதத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களைப் பூசி முடித்திருந்தேன். ஓர் எண்ணுக்கு நிறம் பூசிவிட்டால் யாரும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

காலைக் கேள்விகள்தான் மிஞ்சின. வீரர் எவ்வளவு ஓடினார் என்பதைக் கருவி சொல்லும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவு முழுக்க விழித்திருந்தாரா, முழங்காலுக்குள் ஏதோ சொடுக்குகிறதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் அளவெடுப்பு முடிந்து சாட்சியம் தொடங்குகிறது. சாட்சி சொல்பவருக்கோ அந்தச் சாட்சியத்தால் தனக்கு என்ன நடக்கும் என்பது தெரியும்.

*

ஒரு பின்கள வீரர். முப்பது வயதைத் தாண்டியவர். தொடர்ந்து 41 நாட்கள், நான்கு கேள்விகளுக்கும் 6, 6, 6, 6. முதலில் செயலியில் பிழை என்று நினைத்தேன். பிழை இல்லை. ஆகவே என் தொழிலுக்கு ஏற்றதைச் செய்தேன்: ஒரே பதிலைத் தொடர்ந்து கொடுப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று விழும்படி ஒரு சிறு விதியை எழுதினேன். தரவின் தரத்தைக் காப்பதற்காக என்று அறிக்கையில் குறிப்பிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, ஒப்பந்தங்களைப் புதுப்பிப்பது பற்றிய கூட்டத்தில் என் திரை சுவரில் ஒளிர்ந்தது. அந்த வீரருடைய வேக ஓட்டங்கள் குறைந்துகொண்டு வந்தன, பக்கத்தில் சாம்பல் புள்ளி. "இவர் எதை ஒளிக்கிறார்?" என்று ஒருவர் கேட்டார். ஏன் ஒளிக்க வேண்டி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

போவதற்கு முன் ஒருநாள் நடைபாதையில் என்னைக் கண்டு நின்றார். முதல் பருவத்தில் உண்மைதான் எழுதினாராம். குழந்தைக்குச் சுகமில்லாத ஒரு வாரம் நித்திரைக்கு 2 போட்டிருக்கிறார். சனிக்கிழமை அணியில் அவர் பெயர் இல்லை. "அதற்குப் பிறகு எனக்கு ஒவ்வொரு நாளும் நல்ல நித்திரை" என்று சொல்லிச் சிரித்தார்.

பயிற்றுநர் பிழை செய்தாரா? அதில்தான் சிக்கல் இருக்கிறது. நித்திரை இல்லாத வீரருக்கு ஓய்வு கொடுப்பதற்காகத்தானே இத்தனை ஏற்பாடும். முறை சரியாகவே வேலை செய்தது. ஆனால் அவரிடம் போய்ச் சேரும்போது ஓய்வு தண்டனையாகியிருந்தது. கேட்டவருடைய கையில் இரண்டு அதிகாரங்கள் இருந்தன: களைத்தவரை ஆறவைக்கும் அதிகாரம், களைத்தவரை விலக்கும் அதிகாரம். ஒரே பதில் இரண்டுக்கும் பயன்படும். அப்படியான ஒருவரிடம் உண்மை சொல்வது வீரம். தினமும் காலை ஒன்பது மணிக்கு வீரத்தை எதிர்பார்ப்பது நியாயமான ஏற்பாடு அல்ல.

கோடிகளில் சம்பளம் வாங்குபவர்களுக்காக இரங்குவதா என்று கேட்கலாம். கோடிகள் ஒரு சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு அது முப்பத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடும் வேலை. பணம் எவ்வளவாக இருந்தாலும் இந்தக் கேள்வியின் வடிவம் மாறுவதில்லை.

*

இத்தாலியச் சட்டத்தில் இதைப் பற்றி ஒரு விசித்திரம் இருக்கிறது. 1970 மே 20ஆம் திகதிய 300ஆம் இலக்கச் சட்டத்தை இங்கே தொழிலாளர் சாசனம் என்பார்கள். அதன் 4ஆம் பிரிவு தொழிலாளரைக் கருவிகளால் தூரத்திலிருந்து கண்காணிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 5ஆம் பிரிவு, ஊழியரின் நோயையும் உடற்தகுதியையும் முதலாளி தானே சோதிக்கக் கூடாது, பொது நிறுவனங்கள் ஊடாகவே செய்யலாம் என்கிறது. 1981இன் 91ஆம் இலக்கச் சட்டம் தொழில்முறை விளையாட்டு வீரருக்கு இந்த இரண்டு பிரிவுகளும் பொருந்தாது என்றது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய விளையாட்டுத் தொழிற்சட்டமும் அந்த விலக்கை வைத்துக்கொண்டது. உடலே தொழிலாக இருப்பவரின் உடலைப் பார்க்காமல் எப்படி வேலை வாங்குவது என்பது இதற்குள் இருக்கும் நியாயம் என்று நினைக்கிறேன். அது வெறும் சாட்டு அல்ல.

கண்காணிப்பே தீமை என்று சொல்லிவிட்டு நானும் கைகழுவ முடியாது. போட்டி விளையாட்டில் ஈடுபடும் எவரும் மருத்துவச் சோதனையில் தேற வேண்டும் என்று 1982இல் இத்தாலி விதி வகுத்தது. வெனெத்தோ மாகாணத்தில் இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் இதய மரணம் 1979-80இல் வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் 3.6 ஆக இருந்து, 2003-04இல் 0.4 ஆகக் குறைந்தது. அந்த இடைவெளிக்குள் எத்தனை தாய்மாரின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதே கண்டிப்பின் மறுபக்கத்தையும் பார்த்தோம். 2021 ஜூன் 12 அன்று கோப்பன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் விழுந்து, இதயம் நின்று, மீண்டார். உடலுக்குள் இதயக் கருவி பொருத்தப்பட்டவர் இத்தாலியில் தொழில்முறையாக விளையாட முடியாது. அந்த டிசம்பரில் அவரும் இன்ரர் கழகமும் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். 2022 ஜனவரி முடிவில் இங்கிலாந்தின் பிரென்ற்ஃபோர்ட் கழகத்தில் சேர்ந்து மறுபடி விளையாடினார். எது சரி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். அவரைத் தடுத்த விதிக்கு அவர் கோல் போடுவதாலும் லாபமில்லை, போடாததாலும் நட்டமில்லை. பின்கள வீரரிடம் நித்திரையைப் பற்றிக் கேட்டவருக்குச் சனிக்கிழமை வெல்ல வேண்டியிருந்தது.

*

அக்காவுக்கு உதைபந்தாட்டத்தில் ஒரே ஒரு இரவுதான் ஞாபகம். 2006 ஜூலை 9, பெர்லினில் இறுதிப்போட்டி. கடைசித் தண்ட உதையை அடித்த பாபியோ குரோசோ அந்தப் பருவம் முழுவதும் பலெர்மோவின் இளஞ்சிவப்புச் சட்டையில் ஆடியவர். உலகக் கிண்ணம் வென்ற அணியில் பலெர்மோ வீரர்கள் நான்கு பேர். அப்போது அக்கா பராமரித்த நொன்னா கட்டிலில் இருந்தபடியே கத்தினாராம். அவரைத் தூக்கி இருத்தியபோதுதான் தன் இடுப்பில் முதன்முதல் ஏதோ பிடித்தது என்கிறார் அக்கா. நகரம் முழுக்க வெடி. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

பலெர்மோவின் மைதானம் நகரின் வடக்கே, பெல்லெகிரீனோ மலையின் அடியில் இருக்கிறது. 1990 உலகக் கிண்ணத்துக்காக அதைத் திருத்திக்கொண்டிருந்தபோது, 1989 ஓகஸ்ட் 30 அன்று கட்டுமானம் சரிந்து ஐந்து தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பத்து மாதத்துக்குள் அங்கே ஒல்லாந்தும் எகிப்தும் ஆடின. இன்று அதே புல்லில் ஓடுபவரின் ஒவ்வொரு அடியும் பதிவாகிறது. மேலே கூரை வேலை செய்தவர்களின் களைப்பை எவரும் குறித்ததில்லை.

அக்காவின் தொழிலுக்கும் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. வேலைத்தளப் பாதுகாப்புக்கான 2008இன் 81ஆம் இலக்கச் சட்டம் 'தொழிலாளர்' யார் என்று வரையறுக்கும் இடத்திலேயே வீட்டுப் பணியாளர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. வீட்டுப் பணியாளருக்கும் பாதுகாப்பான, சுகாதாரமான வேலைச்சூழல் உரிமை என்று கூறும் 189ஆவது சர்வதேச உடன்படிக்கையை இத்தாலி 2013இல் ஏற்றுக்கொண்ட பிறகும் அந்த வரையறை மாறவில்லை. ஆக, ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று ஒரு விலக்கு. இன்னொருவரைப் பார்க்கவே தேவையில்லை என்று ஒரு விலக்கு. நொன்னாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் 28 வருடம் மாற்றியதன் சுமை எவ்வளவு? போர்க்கின் அளவுகோலில் எட்டா, ஒன்பதா? கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாததை நான் சுதந்திரம் என்று சொல்லமாட்டேன்.

*

தமிழில் 'விசாரித்தல்' என்ற சொல் இரண்டு பக்கமும் போகும். சுகம் விசாரிக்க வந்தார்கள் என்போம். விசாரணைக்குக் கொண்டுபோனார்கள் என்றும் சொல்வோம். எங்கள் தலைமுறைக்கு இரண்டாவதை விளக்கத் தேவையில்லை. முகாமில் கேட்டார்கள். பிறகு அகதிக் கோரிக்கை அலுவலகத்தில் கேட்டார்கள், இந்தத் தழும்பு எப்போது வந்தது என்று. அதே உடல், அதே கேள்வி. பதில் எங்கே போகும் என்பதை வைத்துத்தான் அது பரிவா, சோதனையா என்று அறிந்தோம்.

பொய்ப் பதில் எழுதுவதிலும் எங்களுக்கு அனுபவம் உண்டு. 'நான் இங்கு நலம், உங்கள் நலமறிய ஆவல்' என்று தொடங்கிய கடிதங்கள் எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய இருந்தன. எட்டுப் பேர் ஓர் அறையில் முறைவைத்துப் படுத்த மாதங்களிலும் அக்கா நலம் என்றே எழுதியிருக்கிறார். அம்மா நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதிய பொய் அது. பின்கள வீரர் 41 நாட்கள் எழுதியது வேறு பொய். அம்மாவால் அங்கிருந்து எதுவும் செய்ய முடியாது, ஆகவே அக்கா சொல்லவில்லை. கழகத்தால் எதையும் செய்ய முடியும், ஆகவே அவர் சொல்லவில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் வைத்தியத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்ப்பவர். நோயுற்றவரால் பிழைப்பு நடத்துபவர் அந்த நான்கில் இல்லை. அவர் வேண்டாம் என்று வள்ளுவர் நினைத்தாரா, அப்படியொருவர் அந்த அறைக்குள் வருவார் என்று நினைக்கவேயில்லையா தெரியாது. நான் செய்த செயலியில் நோயுற்றவருக்கும் தீர்ப்பவருக்கும் நடுவில் அவருக்கென்று ஒரு திரையே ஒதுக்கியிருந்தேன்.

இவ்வளவையும் யோசித்து நான் வந்து நிற்கும் இடம் இதுதான். ஒருவருடைய சுகத்தைக் கேட்பவர் இரண்டுக்குக் கட்டுப்பட வேண்டும். பதில் மோசமாக இருந்தால் கேட்டவருக்கு ஒரு வேலை வரவேண்டும். அந்தப் பதிலைச் சொன்னவருக்கு எதிராக எடுக்க முடியாமல் இருக்கவேண்டும். இரண்டும் இல்லாதபோது, எவ்வளவு மென்மையான சொற்களில் கேட்டாலும், அது விசாரணை.

*

ஞாயிறு விடியற்காலை அக்காவுடன் பெல்லெகிரீனோ மலைக்குப் போனேன். சாந்தா ரோசாலியாவின் குகைக் கோயிலுக்கு எங்கள் ஆட்கள், சைவர்களும் கத்தோலிக்கரும், ஞாயிறுகளில் நடந்து ஏறுவார்கள். சிலர் வெறுங்காலுடன். மலை 600 மீற்றர் உயரம். பாதி வழியில் அக்கா ஒரு கல்லில் இருந்தார்.

"முழங்காலுக்கு ரண்டு போடு" என்றார். "நித்திரைக்கு மூண்டு. மற்றதெல்லாம் பறவாயில்லை."

"டொக்ரரிட்டைச் சொன்னனீங்களோ?"

"சொன்னால் படம் எடுக்கச் சொல்லுவார். பேந்து வேலையை விடு எண்டுவார். உனக்கெண்டபடியால் சொல்லுறன் தம்பி."

எனக்கென்றபடியால். அதாவது இப்போது எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

திங்கட்கிழமை அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்று நிபந்தனைகள். தனிப்பட்ட பதில்கள் முகாமையாளருக்குப் போகக்கூடாது, நிறுவனத்துக்கு வெளியேயுள்ள தொழில்நல மருத்துவர் ஒருவருக்கு மட்டும் போகவேண்டும். ஒருவர் இரண்டு வாரம் மோசம் என்று சொன்னால் தூக்கும் வேலைக்கு இரண்டாவது ஆள் அனுப்பப்பட வேண்டும். பதில் சொல்லாமல் விடும் உரிமை இருக்கவேண்டும், சொல்லாதவர் பெயருக்குப் பக்கத்தில் எந்த நிறத்திலும் புள்ளி விழக்கூடாது. மூன்றாவதை உடனே ஏற்றார்கள். முதலிரண்டுக்கும் செலவு அதிகம் என்றார்கள். நான் விலகிக்கொண்டேன்.

அந்தச் செயலியை இப்போது வேறொருவர் செய்கிறார் என்று அறிந்தேன். அவர் நிபந்தனை வைத்திருக்கமாட்டார். உள்ளே இருந்திருந்தால் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாமோ, வெளியே வந்து என் கையை மட்டும்தான் சுத்தமாக வைத்துக்கொண்டேனோ என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. இதை வாசிப்பவர்களில் என் தொழிலில் இருப்பவர்கள் பலர் இருப்பீர்கள். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று உண்மையிலேயே அறிய விரும்புகிறேன்.

அக்காவின் முழங்காலைப் படம் எடுக்க ஒக்டோபரில் நாள் கிடைத்திருக்கிறது. கூடப் போவதற்கு லீவு எடுத்திருக்கிறேன்.